புழக்கடை முருங்கையும் மாலைக்கண்ணும்

வயலுக்கு எருவும் நீரும் குறைவற இடும் குடியானவர் பலர், வீட்டுப் புழக்கடையைத் தரிசாக விட்டுவிடுகின்றனர். குழந்தைகளுக்கு உண்டாகும் மாலைக்கண் நோய், ஆகாரத்தில் 'ஏ' வைட்டமின் குறைவதாலேயே பெரும்பாலும் வருகிறது. முற்றினால் பார்வையே போய்விடக்கூடும். முருங்கைக் கீரையோ, உடலில் அவ்வைட்டமினாக மாறும் கரோட்டீன் மிகுந்தது.

காய்ப்பு ஓய்ந்த மரத்தினின்றும் மணிக்கட்டுப் பருமனும் 3 முதல் 4 அடி நீளமுமுள்ள முற்றிய போத்தை வெட்டி, தொழுவெருவும் மண்ணும் கலந்து நிரப்பிய குழியில் நடுக. மேல்வெட்டில் பசுஞ்சாணம் அப்புக. நீர் தேங்கினால் வேர் அழுகுமாதலால் மேட்டுப்பாங்கான இடமே ஏற்றது. அடுக்களைக் கழிவுநீரை வாழைக்குத் திருப்புக. துளிர்கள் 2 அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால், கிளைகள் பெருகிக் கீரை கைக்கெட்டும். எளிதில் முறியும் இம்மரத்தில் ஏறவேண்டியதில்லை.

கீரையை நெடுநேரம் வேகவிடாமல், சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சமைத்தல் வேண்டும். கொழுப்பின்றேல் கரோட்டீன் உடலில் நன்கு சேராது. இருட்டத் தொடங்கியதும் குழந்தை தடுமாறினால், கீரையை மட்டும் நம்பியிராமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. கிராம அதிகாரிகள் பள்ளிக்கூடத் தோட்டத்தில் நான்கு போத்துக்களேனும் நடுவித்து, ஊராருக்கு வழிகாட்டுவார்களாக.