மருந்து பாட்டிலைத் திறக்கும் முன்

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை இது. உட்காருங்கள், பொறுமையாகப் பேசுவோம். திருமழிசை, பூந்தமல்லிப் பக்கம் வீட்டில் சிக்லிட் வகை மீன்களைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். "நேத்து ராத்திரிகூட நல்லாத்தாண்ணா இருந்துச்சு. காலையில பார்த்தா மூணு மீன் மிதக்குது. ஒரு காரணமும் தெரியல." கேட்கும்போதே கையில் ஒரு நீல மருந்து பாட்டில் இருக்கும். முதலில் அதைக் கீழே வையுங்கள். காரணம் தெரியாமல் ஊற்றும் மருந்து, மிச்சமிருக்கும் மீனையும் சோதிக்கும்.

சிக்லிட் என்றதும் ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், ஏஞ்சல், மலாவி ஏரியின் மஞ்சள், நீல மீன்கள் எல்லாம் நினைவுக்கு வரும். நம் ஏரிகளில் வலையில் விழும் ஜிலேபியும் அதே குடும்பம்தான். ஆப்பிரிக்க மீனான அதை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கலங்கிய குட்டையில்கூடப் பிழைத்துப் பெருகிவிட்டது. பழவேற்காட்டுச் செத்தக்கெண்டை நம் மண்ணுக்கே உரிய சிக்லிட். இப்படி உரமேறிய குடும்பத்து மீன் செத்தால், 'கடைக்காரன் நோஞ்சான் மீனைத் தள்ளிவிட்டான்' என்று முடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு தண்ணீரில் இருக்கும். அந்தத் தண்ணீர் ஏன் கெட்டது என்பதற்கான தடயம், கடந்த இரண்டு மூன்று நாளில் வீட்டில் நடந்தவற்றில் இருக்கும்.

ஆகவே மூன்று கேள்விகள். எந்த நேரத்தில் செத்தன? எது முதலில் செத்தது? அதற்கு முன் வீட்டில் என்ன மாறியது? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

விடியற்காலையில், அதுவும் பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6தான். ஆனால் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். கத்திரி வெயிலில் ராத்திரி கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றால் பெரிய உடம்புக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். இன்னொரு தடயமும் உண்டு: அதே தொட்டியில் கௌராமியும் டேங்க் கிளீனரும் மட்டும் பிழைத்திருக்கும். அவற்றால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்க முடியும், சிக்லிட்டால் முடியாது. ஏர் பம்ப் இழுப்பது சில வாட் மின்சாரம்தான். அதை இன்வெர்ட்டரில் மாட்டிவையுங்கள்.

கரண்ட் திரும்பி வந்த பிறகு நடக்கும் சாவு வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி நிற்கும்போது, மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியா மூச்சில்லாமல் மடியும். உள்ளே இருக்கும் கசடு அழுகும். கரண்ட் வந்ததும் மோட்டார் அந்த அழுகல் நீரை நேரே தொட்டிக்குள் தள்ளும். ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் ஸ்விட்சைப் போடுவதற்கு முன் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

எல்லா மீனும், சின்னது பெரியது பார்க்காமல், சில மணி நேரத்துக்குள் விழுந்தால் வெளியிலிருந்து ஏதோ விஷம் வந்திருக்கிறது. மீன் துள்ளியதா, கண்ணாடியில் மோதிச் சுழன்றதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சு மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது. கொசுப் புகை வண்டி தெருவுக்கு வந்த மாலை, அறையில் ஸ்ப்ரே அடித்த இரவு, கரையானுக்கு மருந்து வைத்த நாள், பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த வாரம் எல்லாமே கணக்கில் வரும். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தானே உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது?

அடுத்த சந்தேகம் குளோரின். 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது நினைவிருக்கும். போர் வற்றிய வீடுகள் லாரித் தண்ணீருக்கு மாறின. ஒரே சம்ப்தான், ஆனால் உள்ளே நிற்பது வேறு தண்ணீர். லாரியிலோ, சம்ப்பைக் கழுவும்போதோ பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால், அது மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின், பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் புழங்கிய ஹைப்போதான். சில சொட்டில் வேலை முடியும். போர் தண்ணீரையும் மோட்டார் போட்ட கையோடு ஊற்றாதீர்கள். ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். ஒரு ராத்திரி டிரம்மில் ஏர் விட்டு வையுங்கள்.

இனி, மனசுக்கு மிகவும் கஷ்டமான சாவு. "தொட்டியைச் சுத்தமா கழுவினேன்ணா, அன்னைக்கே செத்துடுச்சு" என்பார்கள். நல்லது செய்யப் போய் நடந்த சாவு என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மீனின் செவுளிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் பெரிய அளவில் சேராதவரை ஆபத்தில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் குடியிருப்பது ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் மொத்தக் குடியிருப்பும் போய்விடும். அது மறுபடி உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் முதல் மாதம் மீன் ஒவ்வொன்றாகச் சாவதும் இதனால்தான். ஸ்பாஞ்சைத் தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள், போதும்.

கழுவாமல், பாதித் தண்ணீரை மட்டும் மாற்றியபோதும் மீன் செத்ததென்றால்? சுத்தமான தண்ணீர் என்று நம்பி ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றிவந்த தொட்டியில் இது நடக்கும். பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரில் அமிலம் சேரும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் அதை அடக்கிவிடும், ஆர்.ஓ. தண்ணீரில் அவை கிடையாது. மாதங்கள் போகப் போக pH 6.5க்கு, அதற்கும் கீழே இறங்கும். பாக்டீரியா சோர்ந்து அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன் பிழைத்துக் கிடக்கும்.

லிட்டருக்கு 4 மில்லிகிராம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 28 டிகிரியில், pH 6.5இல், அதில் விஷ வடிவம் 0.01 மில்லிகிராமுக்கும் குறைவு. இப்போது பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்; pH 8க்கு ஏறுகிறது. அம்மோனியா 2 மில்லிகிராமாகக் குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் விஷ வடிவம் 0.13க்குப் போய்விடும். பாதி அழுக்கை வெளியேற்றியும் விஷம் ஏறத்தாழ பதினைந்து மடங்கு கூடிவிட்டது! இப்படிப்பட்ட பழைய தொட்டியில் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றி, மெல்லத்தான் கரைசேர்க்க வேண்டும். மலாவி மீன்களின் ஏரி pH எட்டை ஒட்டியதுதான். அவற்றுக்கு நம் ஊர் உப்புத் தண்ணீர் நன்றாகவே ஒத்துப்போகும். டிஸ்கஸுக்குத்தான் மென்மையான நீர் வேண்டும்.

பழகிய தொட்டியில் சில நாட்களுக்கு ஒன்று வீதம் செத்தால் மீனையே பாருங்கள். செதில் உதிர்ந்து, வால் கிழிந்து, மேல் மூலையில் ஒடுங்கிக் கிடந்த மீன் என்றால் கொன்றது இன்னொரு மீன். சிக்லிட்டுக்கு எல்லைச் சண்டை பிறவிக் குணம். ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் இன்னும் மூர்க்கமாகும். வயிறு வீங்கி, தீனி எடுக்காமல், வெள்ளை நூல் போலக் கழிந்ததென்றால் குடல் நோய். பாசி மேயும் மலாவி மீனுக்குப் புழுவும் இறைச்சியும் போட்டு வளர்ப்பதும், இடைவிடாத துரத்தலும் இதற்கு வழிவிடும். செவுள் சாக்லேட் நிறத்தில் இருந்தால் நைட்ரைட். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு அந்த விஷம் ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும்.

காரணம் பிடிபடும்வரை செய்ய வேண்டியவை இவை. செத்ததை உடனே எடுங்கள். தீனியை நிறுத்துங்கள்; வளர்ந்த சிக்லிட் சில நாள் பட்டினி தாங்கும். இன்னொரு ஏர் ஸ்டோன் போடுங்கள். அம்மோனியா, நைட்ரைட், pH மூன்றையும் டெஸ்ட் கிட்டில் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். பழைய ஆர்.ஓ. தொட்டி இல்லையென்றால், குளோரின் போக்கிய அதே சூட்டுத் தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். மருந்து போட்டே ஆக வேண்டுமென்றால் தொட்டியை அளந்து போடுங்கள்: 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் விளிம்புவரை நிரப்பினாலும் 127 லிட்டர்தான். கல், மணலைக் கழித்தால் இன்னும் குறைவு. '200 லிட்டர் இருக்கும்' என்று குத்துமதிப்பாக ஊற்றும் மருந்தும் மீனைக் கொல்லும்.

அப்படியும் புரியவில்லையா? நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பொன்னேரியில், அரசு மீன்வளக் கல்லூரி இருக்கிறது. விசாரித்துவிட்டுப் போங்கள். சாகும் நிலையில் உள்ள மீன், அல்லது அப்போதுதான் செத்து ஐஸில் வைத்த மீன்தான் பரிசோதனைக்கு உதவும். ராத்திரி முழுக்க மிதந்து ஊறியதில் ஒன்றும் தெரியாது.

கடைசியாக ஒன்று. காலியான தொட்டியைப் பார்க்கச் சகிக்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமையே புது மீன் வாங்கக் கொளத்தூர் மீன் சந்தைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஏரி மீனுக்குத் தண்ணீர் பிடிக்காவிட்டால் வேறு பக்கம் நீந்திப் போகும். தொட்டி மீனுக்கு நாம் ஊற்றுவதுதான் உலகம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று தொடர்ந்து இரண்டு வாரம் உங்கள் நோட்டில் பதிவாகட்டும். அதன்பிறகு வாங்கும் மீனையும் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டே பழைய மீன்களோடு சேருங்கள். போன மீன் எதனால் போனது என்று தெரியாமல் புது மீனை அதே தண்ணீரில் விடுவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.