பல் பிடுங்கிய பிறகு மீன் சாப்பிடலாமா? பழவேற்காட்டு வீடுகளுக்கு ஒரு 'மெத்து உணவு' கையேடு

கடைவாய்ப் பல்லை அறுத்து எடுத்துவிட்டு ஊர் திரும்பும் அப்பாவுக்கு முதல் வாரம் என்ன கொடுப்பது? கூகுளில் தேடினால் ஸ்மூத்தி, மேஷ்டு பொட்டேட்டோ, அவகாடோ என்று பட்டியல் வரும். வீட்டில் கேட்டால் "கஞ்சித் தண்ணி மட்டும் கொடு, மீன் வாசனையே ஆகாது" என்பார்கள். ஏரியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கும் பழவேற்காட்டுக் குப்பங்களில் இந்த இரண்டு பதிலுமே அவ்வளவாக உதவாது. முதல் பட்டியலில் உள்ளது ஊர்க் கடையில் கிடைக்காது. இரண்டாவது அறிவுரை, புண் ஆறத் தேவையான சத்தையே தட்டிலிருந்து எடுத்துவிடுகிறது.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், நடுவூர் மாதா குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகள் பலர் இப்போது சென்னையிலோ தொழிற்பேட்டைகளிலோ வேலையில் இருக்கிறார்கள். பெற்றோரை டாக்டரிடம் கூட்டிப்போவதும், பிறகு போனில் "என்ன சாப்ட்டீங்க?" என்று விசாரிப்பதும் அவர்கள்தான். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு.

எல்லாம் ஒரு ரத்தக் கட்டிக்காக

பல்லை எடுத்ததும் அந்தக் குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், துப்பிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அதுதான் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் மூடி. அதன் மேல்தான் புதுச் சதை வளரும். அது கழன்றுவிட்டால் எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். இதை டாக்டர்கள் 'ட்ரை சாக்கெட்' என்பார்கள். பெரும்பாலும் 2-ம் நாளிலிருந்து 4-ம் நாளுக்குள், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென ஏறி காது வரை பிடித்து இழுக்கும். சாதாரணமாகப் பல் பிடுங்குபவர்களில் 100-ல் 2 முதல் 5 பேருக்கு இது வரலாம். கீழ்த்தாடையில் புதைந்திருக்கும் ஞானப்பல்லை அறுத்து எடுத்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

முதல் சில நாட்களின் கட்டுப்பாடுகள் எல்லாமே இந்தக் கட்டியைக் காப்பாற்றத்தான். டாக்டர் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுக்க எச்சிலைத் துப்பக் கூடாது, விழுங்கிவிட வேண்டும். கொப்பளிக்கக் கூடாது. ஸ்ட்ரா கூடவே கூடாது, உறிஞ்சும்போது வாய்க்குள் ஏற்படும் இழுவை கட்டியைப் பிடுங்கிவிடும். இளநீர் நல்லது, ஆனால் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். பீடி, சிகரெட்டுக்கும் இதே கதைதான். அதில் உறிஞ்சலோடு சேர்த்து நிகோடினும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. குறைந்தது 3 நாள், முடிந்தால் ஒரு வாரம் தொடாமல் இருக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலையும் அப்படியே. 'கடிக்கல, சும்மா ஓரமா அடக்கிக்கிட்டேன்' என்பது சமாதானமே இல்லை.

மரத்துப்போன உதடு தெளிய 2 முதல் 4 மணி நேரம் ஆகும். அதுவரை எதையும் மெல்லாமல் இருப்பது நல்லது. சாப்பாடு என்று நினைத்துத் தன் உதட்டையே கடித்துக்கொள்பவர்கள் உண்டு. சூடும் தெரியாது.

மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்குமா?

இதுதான் ஊரில் கேட்கப்படும் உண்மையான கேள்வி. பிரசவமோ ஆபரேஷனோ, எதற்கும் நம்மிடம் பத்தியம் உண்டு. மீன், கருவாடு, முட்டை, கத்தரிக்காய் எல்லாம் 'புண்ணைக் கிளறும்' என்று ஒதுக்குவார்கள். தினமும் மீன் கையில் புழங்கும் வீட்டில், நோயாளிக்கு மட்டும் ஒரு வாரம் கஞ்சித் தண்ணியும் டீயில் நனைத்த பன்னும்.

புது மீன் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. வாய்ப் புண்ணில் சீழ் பிடிக்கக் காரணம் கிருமி. மீன் அல்ல. ஆனால் இந்தப் பயம் வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த கானாங்கத்தை, சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அதைச் சாப்பிட்டால் உடம்பு சிவந்து அரிக்கும், தலை வலிக்கும். சமைத்தாலும் அது போகாது. ஐஸ் பெட்டி வராத காலத்தில், ஏற்கெனவே புண்ணோடு இருப்பவருக்கு இப்படி ஆகியிருந்தால் 'மீன்தான் காரணம்' என்று வீட்டார் முடிவு கட்டியிருப்பார்கள். ஆகவே தடையை இப்படித் திருத்திக்கொள்ளலாம்: பழைய மீன் வேண்டாம், கருவாடு வேண்டாம் (கடினம், உப்பும் அதிகம்), அன்று பிடித்த மீன் தாராளமாகக் கொடுக்கலாம். ஏலக் கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருப்பவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்?

கணக்கையும் பார்த்துவிடுவோம். புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 0.83 கிராம். 60 கிலோ இருப்பவருக்கு 50 கிராம். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் 2, 3 கிராம் தேறினால் அதிகம். நாளுக்கு 5 டம்ளர் குடித்தாலும் பாதிக்கு மேல் பள்ளம். அதுவே 2 முட்டையில் 12 கிராம், 150 கிராம் மீன் சதையில் 28 கிராம் போல, 2 டம்ளர் பாலில் 10 கிராம். கணக்கு நேராகிவிடுகிறது.

எந்த மீன், எப்படி?

முதல் தேர்வு கிழங்கான். சதை வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு ஆவியில் வேகவைத்து, நடு முள்ளை எடுத்து, சதையை விரலால் நசுக்கிப் பார்த்துக் கொடுக்கலாம். கண்ணால் பார்ப்பது போதாது, விரலுக்குத்தான் முள் தெரியும். கொடுவாவும் நல்லது, விலைதான் யோசிக்க வைக்கும். மடவை கிடைத்தால் பெரிய மீனாக வாங்குங்கள். பால்மீனைத் தவிர்க்கவும். ருசி என்னவோ அபாரம்தான், ஆனால் சதைக்குள் மயிரிழை போன்ற முட்கள் ஏராளம். அதில் ஒன்று தையல் போட்ட குழிக்குள் போனால் திரும்ப டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். நெத்திலியும் இந்த வாரம் வேண்டாம்.

சுறா புட்டு இதற்கென்றே கண்டுபிடித்த பண்டம் மாதிரி இருக்கிறது. சுறாவுக்கு முள் கிடையாது, குருத்தெலும்புதான். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பூண்டு போட்டுச் செய்துகொடுக்கும் அதே புட்டில் சில மாற்றங்கள் செய்தால் போதும். பச்சை மிளகாயும் மிளகும் வேண்டாம், காரம் புண்ணில் எரியும். கடுகு தாளிக்காதீர்கள், அந்தச் சின்ன மணிகள் நேராகக் குழியைத் தேடிப் போகும். வெங்காயத்தை அரைத்துச் சேருங்கள். உதிரியாக விடாமல், பருப்புத் தண்ணீர் அல்லது காரமில்லாத ரசம் ஊற்றிக் குழைவாகப் பிசையுங்கள்.

இறால் கொஞ்சம் ஏமாற்றும். மெத்தென்று தோன்றினாலும் அதிகம் வெந்தால் ரப்பர். 4-ம் நாளுக்குப் பிறகு அரைத்து, முட்டையோடு கலந்து ஆவியில் வேகவைக்கலாம். நண்டைக் கடிப்பதை மறந்துவிட வேண்டும். வேறு யாராவது பொறுமையாகச் சதையை எடுத்து, ஓட்டுத் துண்டு இல்லை என்று உறுதி செய்து, சூப்பை வடிகட்டி, ஆறவைத்துக் கொடுத்தால் கொடுப்பினை.

நாள் போகப் போக

முதல் நாள் எல்லாமே ஆறியதாகவோ குளிர்ந்ததாகவோ இருக்கட்டும். பால், மோர், வடிகட்டிய கஞ்சி, கேழ்வரகுக் கூழ், முந்திரி போடாத ஐஸ்கிரீம். கூழில் நொய் போட்டிருந்தால் முதல் 2 நாள் வடிகட்டிவிடுங்கள். தொட்டுக்கொள்ள வெங்காயமும் மோர் மிளகாயும் இல்லாமல் கூழா என்று முனகுவார்கள், கண்டுகொள்ள வேண்டாம். கோடையாக இருந்தால் நுங்கு. பனை மரம் நிறைந்த பகுதி அது, தோல் உரித்த இளம் நுங்கைவிட மெத்தான பழம் எது?

2-ம், 3-ம் நாளில் குழைந்த தயிர் சாதம், பாலில் நன்றாக ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், பருப்பும் மீனும் பிசைந்த சாதம். அப்புறம் ஆப்பம், இடியாப்பம், ஆம்லெட், வெந்த காய்கள். எதிர்ப் பக்கத்தில் மெல்ல வேண்டும். முறுக்கு, நிலக்கடலை, அப்பளம், பொரித்த மீனின் மொறுமொறு ஓரம் எல்லாம் டாக்டர் சொல்லும் வரை கிடையாது. மேல் சதை மூட 2, 3 வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதங்கள் பிடிக்கும். தாடை எலும்பு முறிந்து பல்லோடு பல் கம்பி கட்டியவர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அவர்களுக்கு 4 முதல் 6 வாரம் வரை திரவ உணவுதான், அதை அவரவர் மருத்துவமனையில் கேட்டுத்தான் திட்டமிட வேண்டும்.

சர்க்கரை நோயாளி என்றால் கூடுதல் கவனம். வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு வாய் வலியில் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். வெறும் அரிசிக் கஞ்சியாகவே குடித்தால் எகிறும். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று பல் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவது வயிற்றைப் புண்ணாக்கும். மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் மது அறவே ஆகாது என்பதையும் அப்பாவுக்கு நேராகவே சொல்லிவிடுங்கள்.

ஏரித் தண்ணீரும் மீன் ஐஸும்

24 மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாக வாய் கழுவச் சொல்வார்கள். ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு. 'ஏரித் தண்ணியே உப்புதானே' என்று அதை அள்ளி வாயில் ஊற்றிக்கொள்ளக் கூடாது. கழிமுக நீரில் விப்ரியோ போன்ற கிருமிகள் இயல்பாகவே வாழும், திறந்த புண்ணுக்கு அது ஆகாது. காய்ச்சிய குடிநீர், சமையல் உப்பு, அவ்வளவுதான்.

வீக்கத்துக்கு முதல் நாள் கன்னத்தின் மேல் ஐஸ் ஒத்தடம், 20 நிமிடம் வைத்து 20 நிமிடம் எடுத்து. ஐஸுக்கு ஊரில் பஞ்சமில்லை. துணியில் சுற்றி வெளியே வைக்க அது போதும். மீனுக்குப் போடும் பார் ஐஸை வாயில் போட்டுச் சப்புவது மட்டும் வேண்டாம், அது குடிநீரில் செய்தது என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

தொழிலுக்கு எப்போது திரும்பலாம்?

சாப்பாட்டைவிட இதில்தான் பேச்சு முட்டும். இங்கே பாரம்பரியமாகப் 'பாடு' முறை உண்டு, குறிப்பிட்ட இடத்தில் வலை வைக்கும் உரிமை முறை வைத்து வரும். முறை தவறினால் வருமானம் போச்சு. அதனால் அவசரமில்லாத பல் என்றால், பாடு முடிந்த மறுநாள் எடுக்கும்படி தேதி வாங்குவது புத்திசாலித்தனம். குனிந்து வலை இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது எல்லாம் முதல் 2, 3 நாளில் ரத்தக் கசிவைத் திரும்பத் தொடங்கிவைக்கும். வலை சரிசெய்யும்போது நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கத்துக்கும் விடுப்பு கொடுக்க வேண்டும்.

கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் நிலை இன்னும் கடினம். இரண்டு கையும் நீருக்கடியில் இருப்பதால், பனையோலைப் பறியைப் பற்களால் கவ்விக்கொண்டே நகர்வார்கள். அவர்களுக்குப் பல் என்பது மூன்றாவது கை. மெத்து உணவு ஒரு வாரம் என்று டாக்டர் சொன்னால், பறியைக் கவ்வவும் அதே ஒரு வாரம் என்று பொருள் இல்லை. ஈர எடையும் இழுவையும் தாடையில் விழுகிறது, உப்பு நீரும் வாயில் படுகிறது. 'என் வேலை இப்படி' என்று டாக்டரிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நகரத்து டாக்டருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

பொன்னேரியில் எடுத்தாலும், ராயபுரம் ஸ்டான்லியிலோ சென்னை அரசு பல் மருத்துவமனையிலோ எடுத்தாலும், திரும்பும் பயணம் சிறியதல்ல. பஸ்ஸில் பாதி வழியில் ரத்தம் கசிந்தால் மாற்ற, கூடுதலாக 4, 5 பஞ்சு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வர வேண்டுமா, எந்தத் தேதி என்பதையும் கேட்டு போனில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை, 3-ம் நாளுக்குப் பிறகு வலியோ வீக்கமோ கூடுகிறது, காய்ச்சல் வருகிறது, வாய் திறக்க முடியவில்லை என்றால் அன்றே திரும்பிப் போக வேண்டும். எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். படகில் கடக்க வேண்டிய ஊர் என்றால், ராத்திரியில் யார் படகு எடுப்பார் என்பதைப் பல் எடுக்கும் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.