பழம் போர்வையும் புது நூலும்

கிழிந்ததைத் தைத்துப் பயன்படுத்துவது வறுமையின் அடையாளம் என எண்ணுவோர் உளர். மன்னார்த் தீவின் வடகரையில், பேசாலையில் பிறந்தவர்களுக்கு அவ்வெண்ணம் எளிதில் தோன்றாது. அறுந்த வலையைச் சீர்செய்வதைப் ‘பொத்துதல்’ என்கிறோம். கிழிந்த துணியைத் தைப்பதற்கும் தமிழில் அதே சொல் உண்டு. வலையும் துணியும் நூலின் பிள்ளைகள்தாமே!

எங்கள் குடும்பத்தில் ஒரு போர்வை இருக்கிறது. அம்மம்மா தம் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நேராக நூலோட்டித் தைத்தது. வாடைக் காற்று வீசும் மார்கழி இரவுகளில் நாங்கள் மூன்று பிள்ளைகளும் அதற்குள் உறங்கினோம். 1990ஆம் ஆண்டில் போருக்கு அஞ்சிப் படகேறி இராமேசுவரம் சென்றோருள் எங்கள் குடும்பமும் ஒன்று. மண்டபம் முகாமில் அப்போர்வை இரவில் விரிப்பாயிற்று; பகலில் கயிற்றில் தொங்கி மறைப்பாயிற்று. அங்கே கிழிந்த ஒரு மூலைக்கு, மாவுப்பைத் துணியை வைத்து அம்மா ஒட்டுப் போட்டார். ஊர் திரும்பியபோது எங்களோடு வந்த பொருள்களுள் வயதில் மூத்தது இதுவே.

இப்போது அதன் மேற்சேலை பல இடங்களில் இற்றுவிட்டது. சீர்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. உடனே வழக்கும் வந்தது! “அதில் கை வைக்காதீர்கள் அக்கா, கண்ணாடிப் பெட்டியில் வைப்போம்” என்று கனடாவிலிருந்து தங்கை எழுதினாள். “போர்க்காத போர்வை எதற்கு? நன்றாகத் தைத்துப் பேத்திக்குக் கொடு. ஆனால் அந்த முகாம் ஒட்டை எடுத்துவிடு, பிள்ளை” என்றார் அம்மா.

இவ்வழக்கைத் தீர்க்க எனக்கு வங்காளம் துணை செய்தது. பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைக்கும் போர்வையை அங்கே ‘காந்தா’ என்பர். நம் ‘கந்தை’யோடு உறவுடைய சொல் அது. சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே அதில் பூவும் மீனும் மயிலும் வரைந்தார்கள் வங்கப் பெண்கள். கவிஞர் ஜசீமுத்தீன் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த சாஜு தன் வாழ்வையே ஒரு காந்தாவில் தைக்கிறாள். தன் புதைகுழியின்மேல் அதனை விரிக்குமாறு சொல்லி மடிகிறாள். காந்தா பிறப்பதே தேய்ந்த துணியிலிருந்துதான். ஆகவே அதனைப் பொத்துவது அதன் இயல்புக்கு மாறானதன்று. அதே வேளையில், வாழ்வைத் தைத்த தையலை அழித்துவிடவும் நமக்கு உரிமை இல்லை.

பொத்துவதற்கும் ஒரு நெறி உண்டு. பருத்தி வலைக் காலத்தை அறிந்த அயல்வீட்டுப் பெரியப்பா ஒருவர் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: “பழைய வலைக்கு முறுக்கான நூல் ஆகாது, பிள்ளை. புது நூல் நிற்கும்; பக்கத்துக் கண் அறுந்துபோகும்.” பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப் போட்டால் கிழிசல் பெரிதாகும் என்ற உவமை மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் செபதேயுவின் மக்கள் படகிலிருந்து வலைகளைச் சீர்செய்கிறார்கள். கரையோர மக்களுக்குச் சொன்ன உவமையன்றோ!

காரணம் தெளிவானது. புதிய பருத்தித் துணி முதற் சலவையில் சுருங்கும். சுருங்கும்போது நைந்த துணியை இழுத்துக் கிழிக்கும். எனவே ஒட்டுக்குப் பலமுறை துவைத்த பழந்துணியே ஏற்றது. தைக்கும் நூலும் துணியைவிட மெலிதாக இருக்க வேண்டும். இழுவிசை வரும்போது நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம். துணி அறுந்தால் அதனை எங்கே தேடுவது? நைலோன் நூலை நான் தொடவேயில்லை.

ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு சேலையிலும் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா எனப் பார்த்தேன். பின்பு குளிர்ந்த நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல், பாயில் விரித்து நிழலில் உலர்த்தினேன். இற்ற பகுதிகளை வெட்டவில்லை. அவற்றின் அடியில் அம்மாவின் பழைய சேலைத் துண்டுகளைச் செருகித் தைத்தேன். அம்மம்மாவின் தையல்மேல் என் தையல் ஏறவில்லை. உற்றுப் பார்ப்பவருக்கு எது யார் கை என்பது தெரியும்.

முகாம் ஒட்டையும் எடுக்கவில்லை. “அது அம்மம்மா தைத்த போர்வையைக் காப்பாற்றிய துணி, அம்மா” என்றேன். அம்மா வாதாடவில்லை; மூக்குக்கண்ணாடியை அணிந்து, ஊசியில் நூல் கோத்துத் தந்தார்.

அவ்வேளையில் ஒவ்வொரு சேலையையும் காட்டி, யாருடையதென்று கேட்டேன். நீலக்கரைச் சேலை என் ஞானஸ்நானத்துக்கு அம்மம்மா உடுத்தது. மஞ்சள், பெரியம்மாவின் திருமணத்துக்கு வாங்கியது. அடியிலிருந்த செந்நிறச் சேலையை மட்டும் அம்மாவால் இனங்காண முடியவில்லை. அதனைச் சொல்லக்கூடியவர் மறைந்துவிட்டார். எந்த ஊசியும் பொத்த முடியாத கிழிசல் அது ஒன்றுதான்.

வாசகர் வீடுகளிலும் பெட்டியின் அடியில் இத்தகைய துணிகள் இருக்கக்கூடும். தைப்பதற்கு நாள் பார்த்துக்கொள்ளலாம். யாருடையது, எப்போது உடுத்தது என்று மூத்தோரைக் கேட்டு எழுதிவைப்பதை இன்றே செய்யுங்கள்.