வாணியன் பணம் வைத்தியனுக்குப் போகிறது

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். நல்ல எண்ணெயும் பருப்பும் வாங்கிச் சாப்பிடுகிறவனுக்கு வைத்தியச் செலவு வராது என்பது அதன் பொருள். மளிகைக் கடை நடத்தும் நமக்கு மிகவும் பிடித்த பழமொழி இது. ஆனால் இன்று நம் பற்று நோட்டைப் புரட்டினால், வாணியனுக்கு வர வேண்டிய பணம் வைத்தியனுக்குப் போய்க்கொண்டிருப்பது தெரியும்.

மாதாமாதம் ஒழுங்காகக் கணக்குத் தீர்த்து வந்த வாடிக்கைக்காரர் திடீரென்று பாக்கி வைக்கிறார். கேட்டால், "வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை அண்ணே, அடுத்த மாதம் சேர்த்துத் தந்துவிடுகிறேன்" என்கிறார். அறுவைச் சிகிச்சை எதுவும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவும் இல்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி, ஆறாத புண் என்று, போய்க் காட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வைத்தியம்தான். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. அப்படியிருந்தும் குடும்பக் கணக்கு ஏன் சாய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியது நமக்கும் அவசியம். ஏனென்றால் அந்தக் கணக்கின் மறுபக்கம் நம் கடை நோட்டில்தான் இருக்கிறது.

சீட்டு இலவசம், நாள் இலவசமல்ல

பெரியபட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த பழைய துறைமுகம் இது. இன்று இந்தக் கடற்கரை மக்களின் பிழைப்பு மீன்பிடி, கடல்பாசி, தென்னை, பனை, கூலி வேலை, வெளிநாட்டுச் சம்பாத்தியம் என்று பல வழிகளில் நடக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை அன்றன்று உழைத்தால்தான் அன்றன்று காசு என்ற தொழில்கள்.

காய்ச்சல், தலைவலிக்குப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போதும். சிறப்பு மருத்துவர், ஸ்கேன், பெரிய பரிசோதனை என்றால் இராமநாதபுரம் போக வேண்டும். அங்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது. தூரம் இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கூலிக்காரருக்குத் தூரத்தைவிட நாள்தான் பெரிய கணக்கு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். நோயாளியின் நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு வரும் மகனுக்கும் 500. இருவருக்கும் டீ, சாப்பாடு, பஸ், அவசரத்துக்கு ஆட்டோ எல்லாம் சேர்த்து 200. ஆக, இலவச வைத்தியத்துக்கு 1,200 ரூபாய். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் சில வீடுகளில் பஸ் காசு மிச்சமாகலாம்; போன கூலி திரும்பாது. "ரத்தம் எடுத்திருக்கிறோம், நாளைக்கு வந்து ரிசல்ட் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் இன்னொரு 1,200.

இதே ஆள் மாலையில் கூலி வாங்கிக்கொண்டு வரும் வழியில் தனியார் டாக்டரிடம் காட்டினால், பீஸும் மருந்தும் சேர்த்து அதைவிடக் குறைவாகவே முடிந்துவிடக்கூடும். கூலியும் போகாது. "அரசாங்கம் இலவசமாகத் தருவதை விட்டுவிட்டுக் காசை வீணாக்குகிறார்களே" என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். அவர்களும் நம்மைப் போலவே கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் போகிறார்கள்.

ஆனால் ஒரு தடவைக்குச் சரியாக வரும் இந்தக் கணக்கு, மாதாமாதம் தொடரும் நோய்க்குச் சரியாக வராது. டாக்டர் முப்பது நாளைக்கு எழுதிய மாத்திரையில் பத்து நாளைக்கு மட்டும் வாங்குகிறார்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இராமேஸ்வரம், மண்டபம் போன்ற இடங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த நாட்களில் அரிசிக்கே கடன் என்னும்போது, ரத்தக்கொதிப்பு மாத்திரை யாருக்கு நினைவில் இருக்கும்? பிறகு ஒரு நாள் பக்கவாதம் வந்து ஆளைக் கட்டிலில் தள்ளும்போது நகையும் போகிறது, சம்பாத்தியமும் போகிறது. நம் கடைப் பாக்கியும் வராக்கடன் ஆகிறது.

படுத்தால் காப்பீடு உண்டு

"காப்பீட்டு அட்டைதான் இருக்கிறதே" என்று கேட்கலாம். தமிழகத்தில் 2009இல் தொடங்கி 2012இல் விரிவுபடுத்தப்பட்ட முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், மத்திய அரசின் 2018ஆம் ஆண்டுத் திட்டமும் பல குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியவைதான். ஆனால் அவை முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு உரியவை. நடந்து போய்க் காட்டிவிட்டு மாத்திரை வாங்கி வரும் செலவு அவற்றில் அடங்காது. தாய்லாந்தில் 2001இல் கொண்டுவந்த "30 பாட்" திட்டத்தில் வெளிநோயாளி சிகிச்சையையும் சேர்த்தார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

நம் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4 சதவீதம் என்று தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. நல்ல இறக்கம்தான். ஆனாலும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் இன்னும் சொந்தப் பையிலிருந்தே போகிறது.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

பணத்தடை ஒரு பக்கம் என்றால் கூச்சத்தடை இன்னொரு பக்கம். வீட்டு ஆண்கள் வளைகுடாவிலோ கடலிலோ இருக்க, துணைக்கு ஆள் வரட்டும் என்று நாள் தள்ளும் பெண்கள் நம் பகுதியில் ஏராளம். பெண் டாக்டர் இல்லையென்றால் நோயைச் சொல்லாமலே திரும்பி வருகிறவர்களும் உண்டு. காசநோய்ப் பிரிவின் வரிசையில் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று பயந்து, இருமலை மாதக் கணக்கில் மறைக்கிறார்கள்.

இத்தனைக்கும், காசநோய்க்கு ஊரை விட்டு ஒதுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதில்லை என்று உலகுக்கு எடுத்துக் காட்டியதே நம் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவ நிலையத்திலும் மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை அளித்துப் பார்த்தது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், அதனால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடுவதில்லை என்று 1959இல் முடிவை வெளியிட்டது. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தின் போக்கை மாற்றிய முடிவு அது. மருந்து அன்றும் இன்றும் இலவசம்தான். ஒழுங்காகப் போய் வருவதற்குத்தான் நோயாளிக்கு உதவி வேண்டியிருக்கிறது.

மனநோய் என்றால் கூச்சம் இன்னும் பெரிது. பெரியபட்டினத்துக்கு மேற்கே சற்றுத் தொலைவில்தான் ஏர்வாடி. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி மாண்டார்கள். அதன் பிறகு அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் கிடைக்க அங்கேயே ஏற்பாடு செய்யப்பட்டது. மாதம் ஒருமுறை டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டால் வீட்டிலேயே இருக்கக்கூடிய பலரை, "ஊருக்குத் தெரிந்தால் அவமானம்" என்ற எண்ணம் எங்கெங்கோ கொண்டுபோய்விடுகிறது. இதை நாம் மறக்கலாகாது.

கல்லாவில் இருப்பவரின் உடம்பு

ஊரார் கதை இருக்கட்டும். நம் கதை என்ன? காலையில் கடை திறந்தால் இரவு வரை கல்லாவை விட்டு எழ முடியாது. ஓ.பி. பார்ப்பது பெரும்பாலும் காலை நேரம். வியாபாரம் மும்முரமாக நடப்பதும் அதே நேரம்தான். "பொங்கல் சரக்கு இறங்கட்டும்", "நோன்புப் பெருநாள் வியாபாரம் முடியட்டும்" என்று தள்ளித் தள்ளி, கடைசியில் நெஞ்சுவலியோடுதான் போகிறோம்.

2020இல் தமிழக அரசு நடத்திய ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 34 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அப்படி இருந்தவர்களில் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. மூன்று பேர் சேர்ந்து டீ குடித்தால் அதில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இதை உணர்ந்துதான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டு, மாத்திரை வீடு தேடி வந்தது. ஆனால் நாம் பகலில் வீட்டில் இருப்பதில்லையே!

இன்னொன்றையும் மனம் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். கைவலி, கால்வலி என்று வருகிறவருக்கு ஒரு மாத்திரையைக் கிள்ளிக் கொடுக்கும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. உதவி என்று நினைத்துத்தான் கொடுக்கிறோம். ஆனால் வலிமாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், ரத்தக்கொதிப்பு ஏறும், சிறுநீரகம் கெடும். மருந்து விற்பனைக்கு உரிமம் வேண்டும் என்பது 1940ஆம் ஆண்டுச் சட்டம். அதைவிட, நம்மை நம்பி வந்தவரின் சிறுநீரகத்தை நாமே கெடுத்தோம் என்ற பழி நமக்கு வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கடைப் பையன்களுக்கு விடுப்பு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, வாரம் ஒரு நாள் விடுமுறையோடு, உடல்நலக் குறைவுக்கு ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பும் அளிக்கிறது. இதை மனமுவந்து கொடுத்தாலே பாதித் தடை நீங்கும். கூலி போகாது என்று தெரிந்தால் நோயை யாரும் மறைக்க மாட்டார்கள்.

இரண்டாவது, இ.எஸ்.ஐ. வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் அடங்கிய திட்டம் இது. 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்றால் நாம் 390, அவர் 90. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கடைகளும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் சம்மதித்தால் விரும்பிச் சேரலாம். அருகில் எந்த ஊரில் இ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, சங்கக் கட்டடத்தில் ஒரு ரத்தக்கொதிப்புக் கருவி. மாதம் ஒரு நாள், கடை அடைத்த பிறகு இரவில், சுகாதார நிலையத்தாரின் ஒத்துழைப்போடு உறுப்பினர்கள், பணியாளர்கள், சுமை தூக்குவோர் எல்லோருக்கும் பரிசோதனை வைக்கலாம். மகளிருக்கு வேறொரு நாளில், பெண் செவிலியரைக் கொண்டு நடத்தலாம். ஒருவரது முடிவு அவரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது.

நான்காவது, மலிவு மருந்து. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களோடு, 2025 பிப்ரவரியில் தமிழகத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. பெரிய கம்பெனிப் பெயர் இல்லாத அதே மருந்து அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்த நாம் இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லலாம்.

இவற்றுக்கெல்லாம் பெரிய முதல் தேவையில்லை. நம் வாடிக்கையாளர் நோயில் விழாமல் நடமாடினால்தான் நம் கடை வாசலில் நடமாட்டம் இருக்கும். நாமும் ஆரோக்கியமாக இருந்தால்தான் அந்தக் கடையில் உட்கார முடியும். சுவரை வைத்துத்தானே சித்திரம் எழுத வேண்டும்? வணிகப் பெருமக்கள் அடுத்த வாரம் வெறொன்றும் செய்யாவிட்டாலும், ஒரு காலை நேரம் கல்லாவை மகனிடமோ தம்பியிடமோ ஒப்படைத்துவிட்டு, ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். திரும்பி வந்ததும் கடைப் பையனை அனுப்பி வையுங்கள்.