காவலூர் இரவுகள் யாருக்கு?

ஜவ்வாது மலையில் சாமை விளைவதையும் தேன் கிடைப்பதையும் நம்மவர் அறிவர். அங்கே மற்றொரு செல்வமும் உண்டு, அது இருட்டு. அதை நாடியே வைணு பாப்பு காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தூரதிருஷ்டிக் கருவி 1986-ம் வருஷம் ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடில்லை.

அக்கருவியில் ஒரு சமயத்தில் ஒரு மனுதாரரின் வேலைதான் நடக்கும். வருஷத்துக்கு 365 இரவுகள் என்பது பஞ்சாங்கக் கணக்கு. இரு பருவ மழைகளும் கொண்டதுபோக, ஜனவரி முதல் மே வரையுள்ள மாதங்களையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. தேசத்தின் பல பாகங்களிலுமுள்ள வான சாஸ்திரிகள் இவ்விரவுகளுக்கே மனுச் செய்கின்றனர். ஆகையால் சிலருக்கு ‘இல்லை’ என்று சொல்லியே தீரவேண்டும்.

முந்தி வந்தவனுக்கு முதற் பந்தி என்பது சத்திரத்துக்குச் சரி. வானம் வரிசையை மதிப்பதில்லை. 1972 ஜூன் 7-ம் தேதி வியாழனின் உபகிரகமான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரில் அப்பொழுது புதிதாயிருந்த 1 மீட்டர் கருவி அதைக் கவனித்தது. கானிமீடுக்கு மெல்லிய வாயுமண்டலம் உண்டு என்பதற்கு அதனால் சான்று கிடைத்தது. யுரேனஸின் வளையங்களை உலகம் அறிந்த 1977 மார்ச் 10-ம் தேதி இரவிலும் அதே கருவி விழித்திருந்தது. அவ்விரவுகளை வேறொருவர் முன்பே பதிவு செய்துவிட்டார் என்று கதவடைத்திருந்தால் யாருக்கு லாபம்? நியாயஸ்தலத்தில் அவசர மனுவுக்கு முன்னிடம் அளிப்பதை ஒருவரும் அநீதி என்பதில்லையே!

ஆள் பார்த்து அளிப்பதோ வரிசையினும் பொல்லாதது. அமெரிக்கர் ஹப்பிள் விண்கருவிக்கு வரும் மனுக்களில் 2018 முதல் மனுதாரர் பெயரைப் பரிசீலகருக்கு மறைத்து வைக்கின்றனர். அதுகாறும் பின்தங்கியிருந்த பெண்களின் வெற்றி விகிதம், அம்முதற் சுற்றிலேயே ஆண்களுடையதைச் சிறிது மிஞ்சிற்று. பெயர் எவ்வளவு வேலை செய்துவந்தது பாருங்கள்!

எல்லா இரவுகளும் ஒரே தரத்தவையுமல்ல. பிரகாசமான நட்சத்திரத்தின் நிறமாலையை நிலவொளியிலும் எடுக்கலாம். மங்கலான அண்டங்களுக்கு அமாவாசையை ஒட்டிய நாட்களே வேண்டும். முன்னவருக்கு இருட்டைக் கொடுப்பது நன்செய்யில் கொள் விதைப்பதாகும்.

நமக்குக் கஷ்டமாகத் தோன்றும் வழக்கு வேறு. ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு மூன்று இரவுகள் கிடைத்து, மூன்றிலும் மேகம் கவிந்ததென்று வைத்துக்கொள்வோம். அவர் குற்றம் ஏதுமில்லை. பட்டமோ அவ்விரவுகளைப் பொறுத்தது. நஷ்ட ஈடாக அடுத்த பருவத்தில் மூன்று இரவுகளை உரிமையாகக் கொடுக்கலாமென்றால், மேகத்தால் நஷ்டப்பட்டவர் அவர் ஒருவரல்லர். புதிய மனுக்களைப் பிரிக்குமுன்னரே பருவம் தீர்ந்துவிடும். எனவே அவர் மறுபடியும் மனுச் செய்வதே முறையென்பது நமது அபிப்பிராயம். ஆனால் பாதி முடிந்து, மீதியின்றிப் பயன்படாத வேலையை மட்டும் புதிய மனுவோடு சமமாக நிறுக்கலாகாது. அதை முடிக்க விடுவதே முன்பு செலவான இரவுகளுக்கும் மரியாதை.

மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் போகவேண்டும், காலத்திலும் போகவேண்டும். லடாக்கில் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் சந்திரா கருவிக்கோ, காவலூரிலேயே உள்ள 1.3 மீட்டர் கருவிக்கோ அவர் மனுவைத் திருத்தி அனுப்ப அவகாசம் இருக்கும்பொழுதே அக்கடிதம் அவர் கையில் சேரவேண்டும்.