ஒளிவழிச் செய்திப் போக்கு

சாய்ந்தமருதுக் கடற்கரையில் இருள் கவிந்தபின் நிற்போர், தொலைவிற் செல்லும் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகளைக் காண்பர். விளக்கொன்று மறைந்து மறைந்து தோன்றுமாயின், அதன் முன்னே ஏதோ அசைகின்றதென்பதைக் கண் உடனே உணரும். ஒளியை மறைத்தும் காட்டியும் செய்தி சொல்லும் கலை முழுவதும் இச்சிறு காட்சியுள் அடங்கும். 1869 இல் மான்சு என்னும் ஆங்கிலேயர் ஆடியொன்றால் ஞாயிற்றின் கதிரைத் தெறிக்கச் செய்து பல மைல் தொலைவுக்குச் செய்தி அனுப்பும் கருவியை இயற்றினார். 1880 இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் அதனினும் வியத்தகு செயலொன்று புரிந்தார். குரலால் அதிரும் மெல்லிய ஆடியில் வெயிலை வீழ்த்தி, தெறித்த ஒளியை 213 மீற்றருக்கு அப்பால் செலீனியத்தின்மேற் படச் செய்து, பேச்சைக் கேட்கச் செய்தார். தொலைபேசியிலும் மேலானதாக அவர் மதித்தது இதனையே. ஆயின் முகில் வந்தால் பேச்சும் நின்றது; பின்னர்த் தோன்றிய வானொலியோ முகிலையும் இருளையும் பொருட்படுத்தவில்லை. ஒளி தோற்றது.

அத்தோல்வி முடிந்த முடிபன்று என்பதற்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த செய்தியொன்று சான்றாகும். உயர்வானிற் பலூன்களை மிதக்கவிட்டு இணையம் வழங்கும் கூகிளின் ‘லூன்’ திட்டத்தில் இலங்கை 2015 இல் இணைந்தது. 2016 இல் பலூனும் வந்தது. ஆயினும் வானொலி அலைவரிசை ஒதுக்குவதில் சர்வதேச விதிகள் இடையூறாயின என்று 2017 இல் அறிவிக்கப்பட்டது. வானம் பரந்தது, அலைவரிசையோ நெருக்கடியானது! சர்வதேச வானொலி விதிகள் 3,000 கிகாஹேட்ஸ் வரையுமே செல்லும். ஒளியின் மீடிறன் அதற்கும் மேற்பட்டது. கைத்தொலைபேசி அலையின் மீடிறனிலும் ஏறத்தாழ இலட்சம் மடங்கு. ஆதலின் அது சுமக்கும் செய்தியும் மிகுதி. மேலும், கற்றை குறுகியதாதலின் அயற்கற்றையொடு கலவாது.

லூன் பலூன்கள் தம்முட் பேசுதற்கு இலேசர்க் கற்றைகளைச் சோதித்தனர். 2021 இல் பலூன்கள் கைவிடப்பட்டன. கற்றையோ தரைக்கு இறங்கியது. சென்னையில் வளர்ந்த மகேசு கிருஷ்ணசுவாமி என்பாரின் தலைமையில் ‘தாரா’ எனும் பெயருடன் வளர்ந்த அம்முயற்சி, கொங்கோ ஆற்றின் இருகரைகளிலுள்ள பிரசாவில், கின்சாசா நகர்களை இணைத்தது. ஆற்றின் குறுக்கே 4.8 கிலோமீற்றரே, கம்பிவழிச் சுற்றினாலோ 400 கிலோமீற்றருக்கும் மேல். ஆழமும் வேகமும் மிக்க அவ்வாற்றைக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர் கடந்து, செக்கனுக்கு 20 கிகாபிற்று வரை சுமந்தது.

இதன் பகை யாது? மழையென்பர் பலர், அது முழு உண்மையன்று. மழைத்துளி மில்லிமீற்றர் அளவினது, எண்ணிக்கையிற் குறைந்தது. மூடுபனியின் நுண்துளிகளோ எண்ணிலடங்கா. அவற்றின் பருமன் ஒளியின் அலைநீளத்தை அணுகுவதாதலின் கதிரைப் பெரிதும் சிதறடிக்கும். ஆகவே மலைநாட்டு மூடுபனியே பெரும்பகை. வெப்பக் காற்றில் விண்மீன் மினுங்குவதுபோலக் கற்றையும் நடுங்கும். கோபுரம் காற்றில் ஆடினும் இலக்குத் தவறும். எனவே இருபுறக் கருவிகளும் ஒன்றையொன்று தேடி, தம் ஆடிகளை இடையறாது திருத்திக்கொள்கின்றன.

நம் கரைக்கு இது பொருந்துமா? நிலம் தட்டை, மேற்கே வயல்வெளி, கிழக்கே கடல், மூடுபனி அருமை. 25 மீற்றர் உயரத்திலிருந்து நோக்குவார்க்கு அடிவானம் ஏறத்தாழ 18 கிலோமீற்றரில் உள்ளது. அவ்வுயரக் கோபுரங்கள் இரண்டு, இடையே மறைப்பின்றேல், 30 கிலோமீற்றருக்கு மேலும் ஒன்றையொன்று காணும். 2004 டிசெம்பர் 26 இல் கடல் எழுந்து இக்கரையின் வீதிகளையும் தொலைபேசிக் கம்பிகளையும் சிதைத்தபோது, ஊர்கள் ஒன்றையொன்று அறியாது தவித்தன. புதைத்த கம்பி அறுந்தால் தோண்ட வேண்டும். கோபுரம் நிற்குமாயின் ஒளிக்கருவி அன்றே தொழிற்படும். வானொலியை நீக்குக என்பது என் கருத்தன்று. கற்றை மங்கும் வேளையில் அதுவே துணை நிற்கும். வடகீழ்ப் பருவப் பெருமழையில் எத்தனை மணிநேரம் கற்றை மங்கும் என்பதை, ஒரு கார்த்திகை முழுவதும் இரு மாடிகளுக்கிடையே நம் பௌதிக மாணவர் அளந்து பார்க்கலாம். வேண்டுவன ஓர் இலேசர், ஓர் ஒளிமானி, ஒரு குறிப்பேடு.