நகரத்துப் பறவைகள் – 9: தரையில் கிடக்கும் குஞ்சு

சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளுக்கும் 1960களில் உருவான தொழிற்பேட்டைக்கும் அருகே அமைந்துள்ள மேனாம்பேடு போன்ற குடியிருப்புகளில், பங்குனி தொடங்கி ஆனி வரையிலான மாதங்கள் பல பறவைகளுக்குக் குஞ்சு வளர்க்கும் காலமாகும். வேம்பிலும் தூங்குமூஞ்சி மரத்திலும் காகம், பட்டுப்போன தென்னையின் பொந்தில் கிளி, சுவர்த் துளைகளில் மைனா, மாடித் தொட்டிச் செடியில் சின்னான் எனப்படும் கொண்டைக்குருவி என ஒவ்வொன்றும் தனக்கேற்ற இடத்தில் கூடமைக்கின்றன. இதே மாதங்களில்தான் தெருவோரத்தில் தனித்துக் கிடக்கும் குஞ்சுகளை மக்கள் இரக்கத்தோடு வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், அவற்றுள் பல சில நாட்களில் இறந்துபோவதும் நிகழ்கின்றன. அந்த இரக்கம் போற்றத்தக்கது. ஆயினும் குஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன், அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பதே உதவியின் முதற்படியாகும்.

முட்டையிலிருந்து கண் திறவாமல், உடலில் இறகின்றி வெளிவந்து, பெற்றோரின் சூட்டையும் இரையையும் மட்டுமே நம்பியிருக்கும் குஞ்சைக் கூட்டுக்குஞ்சு எனலாம். அதன் தோல் வெளியே தெரியும்; அல்லது இறகுகள் இன்னும் உறை பிரியாமல் முட்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும்; அதனால் நிற்கவோ கிளையைப் பற்றவோ இயலாது. அடுத்த பருவத்தில் உடல் முழுவதும் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக இருக்க, சரிவரப் பறக்கத் தெரியாத நிலையிலேயே அது கூட்டை விட்டு வெளியேறுகிறது. இதைக் கூடு நீங்கிய இளம்பறவை எனலாம். சிட்டுக்குருவி ஏறத்தாழ இரண்டு வாரங்களிலும், மைனா மூன்று வாரங்களுக்குச் சற்று மேலும் இந்நிலையை அடைகின்றன. தரையில் காணப்படும் குஞ்சுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை தவறி விழுந்தவை அல்ல, பறக்கக் கற்றுக்கொண்டிருப்பவை.

இதற்குத் தெளிவான சான்று காகமாகும். சித்திரை, வைகாசி மாதங்களில் சில தெருக்களில் காகங்கள் வழிப்போக்கர்களின் தலைக்கு மேல் பாய்ந்து கொத்த வருவதைப் பலர் தீய சகுனமாகக் கருதி அஞ்சுவதுண்டு. உண்மையில் அருகிலுள்ள மதில் மீதோ மரத்தடியிலோ, வாயின் உட்புறம் சிவந்து, பறக்கத் தடுமாறும் இளங்காகம் ஒன்று அமர்ந்திருக்கும். அதன் பெற்றோர் காவல் காக்கின்றன. அந்த இளங்காகத்தை ஒருவர் தூக்கிச் சென்றால், விழிப்போடு வளர்த்துவரும் இரு பெற்றோரிடமிருந்து அதைப் பிரித்தவராகிறார். ஆகவே நாய், பூனை, வண்டி ஆகியவற்றின் ஆபத்து இல்லையெனில் அதை அங்கேயே விடுவதும், ஆபத்து இருப்பின் சில அடி தொலைவிலுள்ள புதர் மீதோ தாழ்ந்த கிளையிலோ அமர்த்திவிட்டு விலகுவதும் போதுமானவை. பெற்றோர் அதன் குரலைக் கேட்டு இரையோடு வந்து சேரும்.

கூட்டுக்குஞ்சு என்றால் செய்ய வேண்டியது வேறு. கூடு கண்ணுக்குத் தெரிந்து, கைக்கும் எட்டுமாயின், அதைத் திரும்பக் கூட்டிலேயே வைத்துவிட வேண்டும். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை குஞ்சை ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும் அது சரியன்று. மனித வாசனைக்காகப் பறவைகள் தம் குஞ்சைக் கைவிடுவதில்லை. கூடு சிதைந்திருந்தால், சிறிய கூடையையோ, மழைநீர் வடிய அடியில் துளையிட்ட நெகிழி டப்பாவையோ எடுத்து, உலர்ந்த புல்லையும் தேங்காய் நாரையும் பரப்பி, அதே மரத்தில், நேர்வெயில் படாத கிளையில் உறுதியாகக் கட்டி, குஞ்சை அதனுள் விடலாம். பின்னர் சன்னலின் உள்ளிருந்தோ நல்ல தொலைவிலிருந்தோ ஓரிரு மணி நேரம் கவனிக்க வேண்டும். ஆட்கள் கூடையருகே நிற்கும் வரை பெற்றோர் இறங்கி வருவதில்லை.

இப்பொது விதிக்குச் சில விலக்குகளும் உண்டு. ஏரிக்கரைத் திறந்த வெளியில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவியின் குஞ்சுகள் பிறந்த சில மணி நேரத்திலேயே கண் திறந்து, மெல்லிறகு மூடி, தாமே நடந்து இரை தேடுபவை. அவற்றுக்குத் திரும்பிச் செல்லக் கூடு என்று ஒன்றில்லை. ஆந்தைக் குஞ்சுகள் பறப்பதற்கு முன்பே பொந்தை விட்டுக் கிளைகளில் ஏறி இறங்கிப் பழகுகின்றன. ஆந்தை இனத்தைச் சேர்ந்த கூகையின் முகத்தைக் கண்டு அஞ்சிக் கல்லெறிவோர், ஆண்டு முழுவதும் எலிகளை வேட்டையாடும் ஒரு பறவையை அழிக்கின்றனர் என்பதை உணர வேண்டும்.

குருதி வடிதல், இறக்கை தொங்குதல், எறும்பு மொய்த்தல், பெற்றோர் இறந்துவிட்டமை தெரிதல் ஆகிய நிலைகளில் குஞ்சை எடுத்தே ஆக வேண்டும். பூனை கவ்விய குஞ்சு வெளிக்காயம் இல்லாததுபோல் தோன்றினாலும், பூனையின் வாயிலுள்ள நுண்ணுயிரிகள் விரைவில் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், அதற்கு உடனடி மருத்துவம் தேவைப்படுகிறது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி விரித்து, குஞ்சை உள்ளே வைத்து மூடி, நிழலும் அமைதியும் உள்ள இடத்தில் வைப்பது முறையாகும். வாயில் நீரை ஊற்றுதல் கூடாது. பறவையின் மூச்சுக்குழல் நாவின் அடிப்பகுதியிலேயே திறப்பதால், ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் சென்று மூச்சை அடைத்துவிடும். பால் இனிப்பைச் செரிக்கும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லாமையால் பாலும், சத்துப் போதாமையால் பாலில் நனைத்த ரொட்டியும் தீங்கே விளைவிக்கும். குஞ்சைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் அவசியமாகும்.

அதன்பின் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே. கிண்டியில் வேளச்சேரி சாலையில் இயங்கும் புளூ கிராஸ் அமைப்பும், வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், வனத்துறையின் சென்னை அலுவலகமும் இதற்கு உரியவை. வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டத்துக்கும் புறம்பானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைத்திருப்பது குற்றமாகும். முன்னர் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்த காகமும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே பாதுகாக்கப்பட்ட பறவையாகியுள்ளது.

சட்டத்தைவிட வலிமையான காரணம் பறவையின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. தானியம் உண்ணும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளையே, விடியல் முதல் அந்தி வரை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொண்டுவந்து ஊட்டுகிறது. புறாவோ தன் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற பொருளைக் குஞ்சின் வாயில் புகட்டுகிறது. உணவைப் போலவே, யாரோடு சேர்ந்து வாழ வேண்டும் என்பதையும் குஞ்சு இளமையிலேயே கற்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சுகள் முதலில் காணும் உருவத்தையே தாயென ஏற்றுப் பின்தொடர்வதைக் கோன்ராட் லோரன்ஸ் விரிவாக ஆராய்ந்தார். விலங்குகளின் நடத்தை குறித்த ஆய்வுகளுக்காக 1973இல் வேறிருவரோடு நோபல் பரிசு பெற்றவர் அவர். கூண்டில் தனித்து, மனிதரை மட்டுமே கண்டு வளர்ந்த பறவைக்கு இரை தேடவும், பகை அறியவும், தன் இனத்தோடு கூடவும் தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. அதைத் திறந்து விடுவது விடுதலையாகாமல் கைவிடுதலாகவே முடியும்.

எனவே குஞ்சுக்கு மனிதர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அதை அதன் பெற்றோரிடம் சேர்ப்பதும், காயமுற்றதை மருத்துவரிடம் சேர்ப்பதுமே ஆகும். கூடு கட்டும் மாதங்களில் வீட்டுப் பூனையைக் காலையிலும் மாலையிலும் உள்ளே வைத்திருப்பதும், கிளை வெட்டும் பணியைப் பருவம் முடியும் வரை தள்ளிவைப்பதும் பல குஞ்சுகள் ஆபத்துக்கு உள்ளாவதையே தடுத்துவிடும். மின்கம்பிக்காகவும் சாலைக்காகவும் கிளைகளைக் கழிக்கும்போது கூடுகளைக் காக்கும் வழிகள் அடுத்த இதழில் விளக்கப்படும்.